கல்லறை மண்ணும் கடைத்தெருவும்

மதுரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கோபுரங்களிலிருந்தும் நாயக்கர் மகாலிலிருந்தும் கோட்டை மதில்களிலிருந்தும் தொடங்குவது வழக்கம். அரசர் கட்டியவற்றுக்கும் வணிகர் ஈட்டியவற்றுக்கும் புலவர் பாடியவற்றுக்கும் அந்தச் சரித்திரத்தில் தாராளமாக இடமுண்டு. ஆயினும் ஒரு நகரம் எத்திசையில் வளர்ந்தது, வளரும்போது எதை மதித்தது, எதை மிதித்துக்கொண்டு போயிற்று என்பதை அறிய விரும்புகிறவன், அதன் இடுகாடுகளின் கதையையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஊருக்குப் புறம்பே என்று ஒரு தலைமுறை ஒதுக்கிவைத்த நிலம், அடுத்த தலைமுறைக்கு ஊரின் ஓரமாகவும், அதற்கும் அடுத்த தலைமுறைக்கு ஊரின் நடுவாகவும் ஆகிவிடுகிறது. அவ்வாறு ஆன மாத்திரத்தில், அதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் கூசியவர்கள் அந்நிலத்தின் சதுர அடி விலையைக் கணக்கிடத் தொடங்குகிறார்கள். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் வணிகக் கட்டடங்கள் எழுவதை ஆக்ஷேபித்துப் பல ஊர்களில் எழுந்த குரல்களின் பின்னணி இதுவே.

வைகைச் சமவெளியில் இறந்தோருக்கு இடம் ஒதுக்கும் வழக்கம் கிறிஸ்தவத்துக்கு வெகுகாலம் முற்பட்டது. கீழடியில் வாழ்ந்த மக்கள் தங்கள் பிரேதங்களை வீட்டுக் கொல்லையில் புதைக்கவில்லை. கொந்தகையில் அதற்கெனத் தனி நிலம் வைத்திருந்தார்கள் என்பதை, 2020ஆம் ஆண்டு அங்கே நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட தாழிகள் மெய்ப்பித்தன. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே, அலெக்சாந்தர் ரீ என்னும் தொல்பொருள் அறிஞர் மதுரையை அடுத்த பரவையிலும் அனுப்பானடியிலும் முதுமக்கள் தாழிகளைக் கண்டு எழுதிவைத்தார். அனுப்பானடி இன்று மாநகராட்சியின் நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்று. பேருந்து நிற்கும் இடத்திலும் மளிகைக் கடை வாசலிலும் நிற்பவர்களுக்குத் தங்கள் காலடியில் ஒரு புராதன இடுகாடு இருந்தது என்ற நினைவே இல்லை. அந்த இடுகாட்டுக்காக ஆக்ஷேபிக்க ஒருவரும் இருக்கவில்லை. ஏனெனில் அதற்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் மிஞ்சவில்லை. புதைத்தவர்களின் சந்ததி தன்னை அந்நிலத்தோடு சேர்த்து அறிந்திருக்கும் வரையில்தான் இடுகாடு இடுகாடாக இருக்கிறது என்ற உண்மையை அனுப்பானடி நமக்கு முதற்பாடமாகச் சொல்லிவைக்கிறது.

1595ஆம் ஆண்டு, மதுரைக்கு வந்து வாணிபம் செய்த பரதவர்களுக்கும் போர்த்துக்கீசியர்களுக்கும் ஞானகாரியங்களைக் கவனிப்பதற்காகக் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் சேசு சபைக் குரு இந்நகரில் தங்கினார். 1606இல் ராபர்ட் தெ நொபிலி வந்தார். காவியும் கமண்டலமும் தரித்துத் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற அவர், அரை நூற்றாண்டு இந்நாட்டிலேயே உழைத்து, கண் பார்வை குன்றிய முதுமையில், 1656இல் மயிலாப்பூரில் காலஞ்சென்றார். சந்நியாசிகளைத் தகனம் செய்யாமல் சமாதி வைக்கும் சம்பிரதாயம் இந்நாட்டில் முன்னரே நிலவியதால், கிறிஸ்தவர்களின் அடக்க முறை மதுரைச் சீமை மக்களுக்கு அந்நியமாகத் தோன்றியிருக்க நியாயமில்லை. அந்தப் பழைய மதுரை மிஷனுடைய நினைவுகளில் மிகவும் பிரகாசமானது ஒரியூர்: 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரித்தோ அங்கே சிரச்சேதம் செய்யப்பட்டார், அவருடைய இரத்தம் சிந்தியதால் சிவந்தது என்று பக்தர்கள் நம்பும் மண்ணை இன்றைக்கும் ஒரு பிடி எடுத்துப் போகிறார்கள். மண்ணை எடுத்துச் செல்லும் அந்தப் பக்தியை நகைப்பவர்கள் நகைக்கலாம். ஆனால் ஒரு நிலத்தைப் புனிதமாக்குவது அதன்மேல் எழுப்பிய கட்டடமா, அதனடியில் கிடப்பவரா என்ற கேள்விக்கு இச்சீமைக் கத்தோலிக்கர் என்றோ விடை கண்டுவிட்டார்கள் என்பதை அந்தப் பிடி மண் காட்டுகிறது. நம் காலத்தில், 1973இல் மறைந்த லெவே அடிகளாரின் கல்லறையைத் தேடிச் சருகணிக்குச் செல்லும் யாத்திரிகர் கூட்டமும் அதையே உறுதிப்படுத்துகிறது.

1773இல் பாப்பரசர் சேசு சபையைக் கலைத்துவிட்டபின் மதுரை மிஷன் மேய்ப்பரின்றி வாடிற்று. 1838இல் பிரெஞ்சுக் குருக்கள் மறுபடி வந்து சேர்ந்தபோது, அவர்களை எதிர்கொண்டவை வெயிலும் வாந்திபேதியும் மரணமுமே. அவர்களுள் முன்னணியில் நின்ற கார்னியே அடிகள், மதுரையில் வியாகுல மாதாவுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பிய சில ஆண்டுகளுக்குள், 1843இல் மாண்டுபோனார். அவருக்குப் பின்னும் முன்னும் இளங்குருக்கள் பலர், தமிழ் சரளமாகப் பேசக் கற்றுக்கொள்ளும் முன்னரே, இந்த மண்ணுக்குள் போனார்கள்.

அந்தக் கோயில் எழுந்த காலமும் இடமும் கவனிக்கத்தக்கவை. மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் துரை, நெருக்கத்தாலும் நோயாலும் அவதியுற்ற நகரத்தை விஸ்தரிக்கக் கருதி, கோட்டை மதில்களை இடித்து அகழியைத் தூர்க்கத் தொடங்கியது அதே காலத்தில்தான். மதிலும் அகழியும் இருந்த எல்லையில் வெளி வீதிகள் உண்டாயின; மேற்பார்வையிட்டவர்களின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் தோன்றின. வியாகுல மாதா கோயில் கீழவெளி வீதியின் ஓரத்தில், அதாவது பழைய ஊர் முடிந்து புதிய ஊர் தொடங்கிய விளிம்பில், அமைந்தது. இன்றுள்ள பெரிய ஆலயம் 1916இல் கட்டப்பெற்றது. மதில் நின்ற காலத்தில் ஊருக்கு உள்ளும் வெளியும் எது என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். மதில் போனபின் வெளி என்பதற்கு நிலையான எல்லையே இல்லாமற் போயிற்று. மதில் இடிந்தபின் ஊருக்கு வெளியே இடம் பிடித்த ஒவ்வொரு கல்லறைத் தோட்டமும், தன்னை நோக்கி நடந்துவரும் நகரத்துக்குக் காத்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இறந்தவர்களை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்பது அந்தப் பிரெஞ்சுக் குருக்களுக்குத் தங்கள் தாய்நாட்டிலேயே பழகிப்போன விஷயம். பாரிஸ் நகரின் நடுவே மாசில்லாக் குழந்தைகள் கல்லறை என்று ஒரு கத்தோலிக்க இடுகாடு பல நூற்றாண்டுகளாக இருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பிரேதங்களை இட்டு இட்டு, அந்த நிலம் சுற்றியிருந்த தெருக்களை விட உயர்ந்துவிட்டது. 1780இல் பக்கத்து வீடொன்றின் நிலவறைச் சுவர் அந்தப் பாரம் தாங்காமல் உடைந்து பிரேதங்கள் உள்ளே சரிந்தன; உடனே அந்தக் கல்லறை மூடப்பட்டது. பிறகு எலும்புகளை இரவோடிரவாக வண்டிகளில் ஏற்றி, குருமார்கள் ஜெபம் சொல்லிக்கொண்டு கூட நடக்க, நகருக்குப் புறம்பேயிருந்த பழைய கற்சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். காலியான இடத்தில் 1788இல் காய்கறிச் சந்தை கூடிற்று. 1804இல் நெப்போலியன் அரசாங்கம், நகரங்களுக்கு உள்ளே அடக்கம் செய்தல் கூடாது என்று சட்டமே இயற்றிற்று. கத்தோலிக்கக் கல்லறை கடைத்தெருவாக மாறிய முதன்மையான உதாரணம் இது. ஆனால் அங்கே காரணம் லாபமன்று, சுகாதாரம். எலும்புகளும் அநாதையாகத் தள்ளப்படவில்லை. இந்த வித்தியாசத்தை நாம் மறக்கலாகாது.

இந்நாட்டிலும் சுகாதாரத்தின் பேரால்தான் சர்க்காரின் கை இடுகாட்டுக்குள் நுழைந்தது. 1866இல் மதுரை முனிசிபாலிட்டி ஏற்பட்டது. பின்னாளில் 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், இடுகாடுகளைப் பதிவு செய்யவும், புதியவற்றுக்கு உத்தரவு கொடுக்கவும், நிறைந்துபோனவற்றை அல்லது ஜனங்களுக்குக் கேடு விளைப்பவற்றை மூடவும் நகராட்சிக்கு அதிகாரம் அளித்தது. வைகையின் வடகரையில் தத்தனேரி நகரத்தார்க்கெல்லாம் ஸ்மசானமாயிற்று. கத்தோலிக்கர்களுடைய தோட்டங்களோ மூன்று விதமாக அமைந்தன: திருச்சபையின் பட்டா நிலம் ஒன்று, சர்வேயில் மயானப் புறம்போக்கு என்று எழுதப்பட்ட நிலம் மற்றொன்று, ஒரு குடும்பமோ ஒரு வகுப்பாரோ விலைக்கு வாங்கித் தங்கள் மனிதர்களுக்கென்று வைத்துக்கொண்ட நிலம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பாத்தியதை வேறு, பரிபாலனம் வேறு. ஆகையால் எந்த ஊரில் தகராறு எழுந்தாலும், இது எந்த வகை நிலம் என்பதே வக்கீல்கள் கேட்கும் முதற்கேள்வி.

பாத்தியதையைப் பற்றிப் பேசுமுன், அந்த மண்ணில் ஜனங்கள் என்ன அனுஷ்டிக்கிறார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. பங்கில் ஒருவர் இறந்தால் கோயிலில் துக்க மணி அடிக்கும். இடைவெளி விட்டு விட்டு ஒலிக்கும் அந்த மணியைக் கேட்டதும், அடுப்படியில் இருக்கும் பெண்கள் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை வரைந்துகொண்டு, யார் வீடு என்று வாசலில் வந்து விசாரிப்பார்கள். தூம்பாவிலே சடலத்தை வைத்துத் தூக்கி, முன்னே சிலுவையும் பின்னே உபதேசியாரின் பாட்டுமாகக் கோயிலுக்குக் கொண்டுபோய், பூசை முடித்து, கல்லறைக்குச் செல்வது முறை. குழியைக் குருவானவர் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபின், சாதி சனம் எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். வசதியுள்ளவர்கள் செங்கல் சுண்ணாம்பிலும் பளிங்கிலும் கல்லறை கட்டுகிறார்கள். ஏழைகள் மண் மேட்டின் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவையை நட்டு, அதிலே வண்ணத்தால் பெயரை எழுதிவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

நவம்பர் 2ஆம் தேதி, சகல ஆத்துமாக்களின் திருநாளன்று, அதே தோட்டம் முற்றிலும் வேறு தோற்றம் கொள்ளும். அது ஐப்பசி மழைக் காலம். மழையில் மண் மேடுகள் கரைந்து அமிழ்ந்திருக்கும். ஆகையால் முதல் நாளே குடும்பத்தார் கூடையில் மண் கொண்டுவந்து மேட்டை உயர்த்தி, முளைத்த கோரையைக் களைந்து, கட்டின கல்லறையானால் வெள்ளையடித்து, மங்கின எழுத்தின்மேல் கறுப்பு மை ஓட்டுவார்கள். மறுநாள் செவ்வந்தியும் சம்பங்கியும் பரப்பி, மழைக் காற்றில் அணையும் மெழுகுவர்த்திகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மறுபடி கொளுத்திக்கொண்டு, உத்தரிக்கிற ஸ்தலத்திலிருக்கும் ஆத்துமாக்களுக்காக ஜெபிப்பார்கள். குருவானவர் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போகும்போது, தங்கள் மேட்டைத் தாண்டிப் போய்விடப் போகிறாரே என்று, “சாமி, இங்கேயும்” என்று ஒரு கிழவி கூப்பிடும் குரலைக் கேட்காத தோட்டம் இல்லை. அடங்கலிலோ பத்திரத்திலோ ஏறாத ஒரு பாத்தியதை அந்தக் குரலில் இருக்கிறது. நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ நினைக்கிறவர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் அதைத்தான்.

இனி நகரம் வந்து சேர்ந்த கதை. 1901ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் மதுரையில் 1,05,984 பேர் இருந்தார்கள். 1951இல் 3,61,781 பேர். 2011இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1971இல் மதுரை மாநகராட்சியாயிற்று. எந்த ரஸ்தாவில் மாட்டு வண்டியும் சவ ஊர்வலமும் மட்டும் போயினவோ அதே ரஸ்தா நூறடிச் சாலையாகி, இருமருங்கிலும் ஜவுளிக் கடையும் நகைக் கடையும் உணவு விடுதியும் எழுந்தபோது, நடுவே நீண்டு கிடக்கும் ஒரு கல்லறைச் சுவர், வியாபாரியின் கண்ணுக்கு வீணாய்ப் போகும் முகப்பாகத் தோன்றுவது இயல்பே. இம்மாதிரி இடங்களில் வியாபாரம் ஒருபோதும் ஒரே நாளில் நுழைவதில்லை. முதலில் சுவரை ஒட்டி, சாலையைப் பார்த்தவாறு, நாலைந்து கடைகள் கட்டலாம், கல்லறைகளைத் தொடவேண்டியதில்லை என்று பேச்சு எழும். வாடகைப் பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஏழைகளின் அடக்கச் செலவுக்கும் உதவும் என்று காரணம் காட்டப்படும். கடைக்குச் சரக்கு இறக்க வழி வேண்டும். பின்பு வண்டி நிறுத்த இடம் வேண்டும். பின்பு, மேற்படி வரிசையிலுள்ள கல்லறைகளுக்கு உரிமையாளர் யாரும் வரவில்லையே, அவற்றை ஓரமாக ஒதுக்கினால் என்ன என்று ஒரு யோசனை பிறக்கும். ஒட்டகத்துக்குத் தலை வைக்க இடம் கொடுத்த கூடாரக்காரன் கதையை நம் பாட்டிமார் வீணாகச் சொல்லவில்லை.

எதிர்த் தரப்பாரின் நியாயத்தையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. கோயில் பரிபாலகர்களுக்குச் செலவு உண்டு. சுவர் விழுந்தால் கட்ட வேண்டும். தண்ணீர், விளக்கு, காவல் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கல்லறைக் கட்டணத்தால் இவை நிறைவேறுவதில்லை. மேலும், பாழ்பட்டுக் கிடக்கும் தோட்டத்தில் குடிகாரர்களும் குப்பை வண்டிகளும் நுழைவதைக் காட்டிலும், நாகரிகமான ஒரு கட்டடம் மேலல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது. ஆனால் அதற்கு விடை சொல்ல, வேறு நகரங்களில் நடந்தவற்றைப் பார்ப்பது அவசியம்.

கல்கத்தாவில் எட்வர்ட் திரெத்தா என்று ஓர் இத்தாலியர் இருந்தார். கம்பெனியின் உத்தியோகத்தில் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் மேற்பார்வையாளராயிருந்தவர். சொந்தமாக ஒரு சந்தையையும் நிறுவியவர். 1796இல் அவருடைய இளம் மனைவி காலமானாள். அந்தத் துக்கத்தின் விளைவாக, பார்க் தெருவில் ஒரு நிலத்தை வாங்கி, அவளுக்கு அங்கே கல்லறை அமைத்து, அந்த இடத்தைக் கல்கத்தா கத்தோலிக்கர்களின் இடுகாடாக உதவினார். பிரெஞ்சுக் கல்லறை என்றும் அது வழங்கியது. காலம் செல்லச் செல்ல அடக்கம் நின்றது. குடும்பங்கள் ஊரை விட்டும் நாட்டை விட்டும் போயின. 1977இல் அந்தக் கல்லறை தரைமட்டமாக்கப்பட்டு, பள்ளிக்கூடத்துக்கு இடமாயிற்று. அதே தெருவிலிருந்த ஆங்கிலேயரின் வடக்குக் கல்லறை அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே போய்விட்டது. திரெத்தாவின் சந்தை மட்டும் அவர் பெயரைச் சுமந்துகொண்டு இன்றைக்கும் கல்கத்தாவில் இருக்கிறது. ஒரே மனிதர் ஏற்படுத்திய இரண்டு இடங்களில், வியாபாரத்துக்காக வைத்தது நிலைத்தது. தர்மத்துக்காகக் கொடுத்தது மறைந்தது. கல்லறையை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. குழந்தைகள் படிக்கத்தானே எடுத்தார்கள். ஆனால் கேட்க ஆளில்லாத இடத்தில், நல்ல காரியத்துக்கும் லாபத்துக்கும் ஒரே வழிதான் திறக்கிறது.

சென்னையிலும் இதற்கு ஒப்பான சம்பவம் உண்டு. கறுப்பர் பட்டணத்தில் கொய்யாத் தோட்டம் என்று பெயர் பெற்ற ஆங்கிலேயர் இடுகாட்டின் சமாதிகள், பிரெஞ்சுப் படை லாலியின் தலைமையில் கோட்டையை முற்றுகையிட்டபோது எதிரிகளுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன என்பதற்காக, முற்றுகை நீங்கியபின் இடிக்கப்பட்டன. எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பாவிவிட்டார்கள். மிஞ்சியவற்றுள் ஒன்று கவர்னர் ஏலின் பிள்ளையும் ஹின்மர்ஸ் என்பவரும் உறங்கும் சமாதி. சட்டக் கல்லூரியும் உயர்நீதிமன்றமும் அதைச் சுற்றி எழுந்தன. 2023ஆம் ஆண்டு, வாகனங்கள் நிறுத்த அடுக்குக் கட்டடம் கட்ட அது தடையாயிருக்கிறது என்று நியாயஸ்தலத்திலேயே வழக்காயிற்று. நமது தமிழர் பலரும் அடங்கிய சிங்கப்பூரின் பிடாதாரிக் கல்லறையின் கதியும் தெரிந்ததே: 1907இல் தொடங்கி 1972இல் மூடப்பட்ட அந்த இடத்தில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவக் கல்லறைகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியெடுக்கப்பட்டன, இன்று அங்கே அடுக்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

எதிர்த்தவர்கள் ஜெயித்த இடமும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில், மூடப்பட்ட கல்லறைகளைக் கட்டடக்காரர்கள் வாங்கி, எலும்புகளைக் குப்பையோடு அள்ளிக் கொட்டிவிட்டுக் கிடங்குகளும் வீடுகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1882இல் பொதுப்பூங்காச் சங்கம் ஒன்று தோன்றி, இந்நிலங்கள் ஏழைகள் காற்று வாங்கும் தோட்டங்களாக இருக்க வேண்டும் என்று கிளர்ச்சி செய்தது. 1884இல், உபயோகத்திலில்லாத கல்லறைகளில் கட்டடம் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறிற்று. அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் இசபெல்லா ஹோம்ஸ் என்னும் மாது. நகரமெங்கும் கால்நடையாகச் சென்று, பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு, எந்த முற்றத்தின் அடியில், எந்தக் கிடங்கின் பின்னே கல்லறை இருக்கிறதென்று ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி, 1896இல் புத்தகமாகவும் வெளியிட்டார். கல்கத்தாவில் வாரிசுகள் இல்லை; லண்டனிலும் பெரும்பாலும் இல்லை. ஆனால் லண்டனில் ஒரு பட்டியல் இருந்தது, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஒரு சங்கம் இருந்தது. வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நின்றவை அவ்விரண்டுமே.

மதுரைச் சீமையில் வாரிசுகள் ஊரை விட்டுப் போகவில்லை. அவர்கள் தங்கள் பங்குக் கோயிலிலேயே ஞாயிறு தோறும் முழங்காலிடுகிறார்கள். எனவே இங்கே விவாதம் நடக்க வேண்டிய மன்றம் தெருவன்று; முதலில் திருச்சபையின் சொந்தச் சட்டமே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கல்லறைகளைப் புனித ஸ்தலங்களின் வரிசையில் வைத்து, 1240 முதல் 1243 வரையுள்ள விதிகளில் அவற்றைப் பேசுகிறது. புனித ஸ்தலத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உதவுபவை அல்லாது, அதன் புனிதத்துக்கு ஒவ்வாத எதுவும் கூடாது என்பது 1210ஆம் விதி. ஒரு காரியத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்ததை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது 1267. தர்மத்துக்கு எழுதிவைத்தவர்களின் இஷ்டத்தைப் பிசகாமல் நிறைவேற்றச் சொல்கிறது 1300. சொத்தை விக்கிரயம் செய்ய வேண்டுமானால் நியாயமான காரணமும், அறிந்தவர்கள் எழுத்தில் தந்த மதிப்பீடும், மேற்றிராணியாருக்குப் பொருளாதாரக் குழு, ஆலோசகர் குழு இரண்டின் சம்மதமும் வேண்டும். தொகை ஓர் அளவைத் தாண்டினால் ரோமாபுரியின் அனுமதியே வேண்டும். ஆக, மேற்றிராணியார் அந்நிலத்துக்குத் தர்மகர்த்தாவேயன்றி உடைமையாளர் அல்லர் என்பது வெளியார் சுமத்தும் குற்றச்சாட்டன்று. திருச்சபை தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளும் கொள்கை.

தேசத்தின் சட்டமும் இந்த எண்ணத்துக்கு மாறுபட்டதன்று. இறந்தோரின் அடக்க ஸ்தலத்தில் அத்துமீறி நுழைந்து, பிறர் மனம் புண்படும்படி நடப்பதைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 297ஆவது பிரிவு குற்றமாக்கிற்று. இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதையில் அது 301ஆவது பிரிவு. பொது தர்ம சொத்தின் நிர்வாகத்தில் நம்பிக்கை மோசம் நேர்ந்தால், அதில் அக்கறையுள்ள இருவர் கூடி, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று வழக்கிடச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு வழி செய்கிறது. இவை வலுவான ஆயுதங்கள்தாம். ஆனால் வழக்கு என்பது எப்போதும் ஆவணத்தைக் கேட்கும்: சர்வே எண் எது, டவுன் சர்வேயில் எவ்வாறு எழுதியிருக்கிறது, அடக்கப் பதிவேடு எந்த ஆண்டு முதல் இருக்கிறது, எந்த வரிசையில் யார் கிடக்கிறார்? கடை கட்ட உத்தரவு வந்தபின் இவற்றைத் தேடப் புறப்படுகிறவர்கள் பாதி வழக்கை முன்னரே இழந்தவர்கள்.

எனினும், ஆவணத்தையும் சட்டத்தையும் விட ஆழமான ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அதைப் பேசாமல் இந்த வரலாற்றை முடிப்பது நேர்மையாகாது. கல்லறையில் கடை கூடாது என்று சொல்கிறவர்கள் எந்த நியாயத்தின்மேல் நிற்கிறார்கள்? இந்த நிலம் எல்லாருக்கும் பொது, இதைப் பங்கு போட ஒருவருக்கும் அதிகாரம் இல்லை என்ற நியாயத்தின் மேல்தானே? ஆனால் மதுரை மிஷன் என்ற பெயரில் தென் தமிழ்நாடு முழுவதும் பரவிய அந்தப் பழைய திருச்சபை, கோயிலையும் கல்லறையையும் தானே பங்கு போட்டுக்கொண்ட சரித்திரமும் நம் கண் முன்னே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், வெள்ளாளருக்கு ஒரு பகுதியும் நாடார்களுக்கு ஒரு பகுதியுமாக இரண்டு கைகளாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் ஒன்றுசேரும்படி அமைந்தது. நடுவே சுவர் நின்றது. 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். ஆத்திரமுற்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரையில் வழக்காடியும், கிறிஸ்தவக் கோயிலில் சாதியின்பேரில் தனியிடம் கோரும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கோயிலில் விழுந்த சுவர் கல்லறையில் விழவில்லை. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறையில், தலித் கத்தோலிக்கர்களின் அடக்க இடத்தை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் சுவரை எதிர்த்து இக்காலத்திலும் போராட்டம் நடந்திருக்கிறது. மதுரையைச் சுற்றிய கிராமப் பங்குகளிலும் வகுப்புக்கு வகுப்பு வேறு கல்லறை என்ற வழக்கம் அநேகருக்குப் பழக்கமானதே.

வணிகர்களுடைய கட்டடத்தை எதிர்க்கும் சபையார் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு சுவரால் நிலத்தை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் எங்களுடையது, அந்தப் பக்கம் உங்களுடையது என்று எழுதி வைத்தவர்கள், இரண்டாவதாக ஒரு சுவர் எழுப்பி, சாலையோரம் வியாபாரியுடையது என்று ஒருவர் சொல்லும்போது, பொது நிலம் என்று எந்த வாயால் வாதாடுவது? அந்தப் பக்கத்தாரின் கல்லறைகள் முதலில் பாழாகும். அவர்களுடைய வரிசைக்குத்தான் முதலில் உரிமையாளர் இல்லை என்று எழுதப்படும். அவர்கள் மண் மேட்டுக்குத்தான் பளிங்குப் பலகை கிடையாது. கடைக்காக முதலில் ஒதுங்க நேர்வது ஏழையின் மேடே என்பது, மரச்சிலுவை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆகவே சாதிச் சுவரும் கடைச் சுவரும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால் எழுப்பப்பட்டாலும், இரண்டும் நிற்பது ஒரே அஸ்திவாரத்தின் மேல்: இறந்தோரிலும் சிலருடைய மண் மற்றவர்களுடைய மண்ணை விட மலிவானது என்ற எண்ணத்தின் மேல்.

இடப் பற்றாக்குறையைக் காட்டி வாதிப்பவர்களுக்கும் மறுமொழி இல்லாமலில்லை. ஒரு குழியைக் குறித்த காலத்துக்குப்பின் அதே குடும்பத்தாருக்கு மறுபடி திறப்பதும், அடுக்குக் கல்லறைகள் அமைப்பதும் பல நகரங்களில் கைக்கொள்ளப்பட்ட முறைகள். 1963இல் ரோமாபுரி தகனத்துக்கு இருந்த தடையைத் தளர்த்திற்று. 2016இல் வெளியிட்ட அறிவுரையில், தகனம் செய்த சாம்பலை வீட்டிலோ ஆற்றிலோ விடாமல் கல்லறை முதலிய புனித ஸ்தலத்திலேயே வைக்கச் சொல்லிற்று. அதாவது, உடலாயினும் சாம்பலாயினும் இறந்தவருக்கு இந்த மண்ணில் ஓரிடம் வேண்டும் என்பதைத் திருச்சபை கைவிடவில்லை. வருங்காலத்தில் தோட்டத்தின் தேவை மிகுமேயன்றிக் குறையாது. இன்று காலி என்று குத்தகைக்கு விடும் மூலை, நாளைக்கு அதே பங்கின் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும்.

ஆகையால் வணிகக் கட்டடத்தை ஆக்ஷேபிக்கும் ஜனங்கள் செய்யவேண்டிய காரியம், இயந்திரம் வந்து நிற்கும் நாளில் சாலையில் அமர்வதோடு முடிவதன்று. இசபெல்லா ஹோம்ஸ் செய்ததை ஒவ்வொரு பங்கும் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டும்: தோட்டத்தை வரிசை வரிசையாக அளந்து, பளிங்குப் பலகையையும் பெயரழிந்த மண் மேட்டையும் ஒரே ஏட்டில், ஒரே அளவு எழுத்தில் பதிந்து, அந்த ஏட்டின் பிரதியைப் பங்கு அலுவலகத்திலும் மேற்றிராசனத்திலும் வைத்துவிட வேண்டும். பராமரிப்புச் செலவை ஏழை பணக்காரன் என்ற பேதமின்றிப் பங்கே ஏற்றுக்கொண்டு, வாடகையை எதிர்பார்க்கும் அவசியத்தையே ஒழித்துவிட வேண்டும். எங்கே தோட்டத்துக்குள் சாதிச் சுவர் நிற்கிறதோ அங்கே, கடைக்கு எதிரான தீர்மானத்தை எழுதுவதற்கு முன்பே அந்தச் சுவரை இடிக்க வேண்டும். கௌசானல் அடிகள் 1910இல் தொடங்கிய வேலை கல்லறை வாசலில் நின்றுவிட்டது. அதை உள்ளே கொண்டுபோய் முடித்த பங்குக்குத்தான், நியாயஸ்தலத்திலும் சரி, மேற்றிராணியார் முன்னிலையிலும் சரி, எங்கள் கல்லறை விற்பனைக்கல்ல என்று தலை நிமிர்ந்து சொல்லும் யோக்கியதை முழுமையாக வாய்க்கும்.